கொக்கு நிக்கிது

வாங்க தம்பி, இப்பிடிப் பந்தல் நெழல்ல உக்காருங்க. மோட்டார் ரூமுக்குள்ள புழுங்கும். அந்தச் சாக்க இழுத்துப் போட்டுக்கங்க. பேண்டு அழுக்காகும்னு பாக்குறீகளாக்கும்? அழுக்காகாமத் தோட்டத்தப் பாக்கணும்னா செல்போன்லதான் பாக்கணும்.

நாய் விசயமா வந்துருக்கேன்னு சொன்னீக. போதும், அதுக்கு மேல சொல்ல வேணாம். இங்க வாரவய்ங்க எல்லாம் அதத்தான் சொல்றாய்ங்க. கோம்பை நாய் வேணும், அசல் ஒச்சப்பன்கிட்டத்தான் இருக்குன்னு எவனாச்சும் சொல்லி விட்டுருப்பான். அசல் இருக்கு. யாருக்குக் குடுக்கிறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். போன மாசம் திருப்பூர்லருந்து ஒருத்தன் வந்தான். குட்டியக் கையில வாங்குனதும், ‘ஏசி ரூம்ல இருக்குமாண்ணே’ன்னு கேட்டான். நீ போயி இருந்துக்கடா, குட்டி இங்கயே இருக்கட்டும்னு புடுங்கிக்கிட்டேன்.

இருங்க, இருங்க. நீங்க என்ன சொல்ல வாரீகன்னு எனக்குத் தெரியும். பேச்சப் பாத்தா கோயமுத்தூர்ப் பக்கம். அப்பார்ட்மென்டா? வெளங்கும். நான் சொல்லி முடிச்சுக்கிறேன், அப்புறம் நீங்க பேசுங்க.

கோம்பை நாயப் பழக்குறதுக்குன்னு ஒண்ணும் கெடையாது தம்பி. எல்லாம் தாய்ப்பால்லயே வந்துரும். ராத்திரி சோத்தக் கொறைக்கணும், காலைல காட்டோரமா அவுத்து விட்டு ‘சூ’ன்னு ஒரு சத்தம் குடுக்கணும். அம்புட்டுத்தான் படிப்பு. எங்க பாட்டன் காலத்துல பன்னி வேட்டைக்குப் போவாக. இப்ப அந்தப் பேச்ச எடுத்தாலே ஃபாரஸ்ட்டுக்காரன் வந்து நிப்பான். அதனால வெள்ளாமைக்குள்ள எறங்குறத வெரட்டி விடுறதுதான் இப்ப வேலை. அந்தா, தொட்டி ஓரமா படுத்துருக்கான் பாருங்க, செவல ஒடம்பு, கருத்த மூஞ்சி. அவன்தான் கருவாயன். வயித்துல தையல் தெரியுதா? அதுக்குத்தான் வாரேன்.

இந்தத் திராட்சைக்குக் கவாத்து வெட்டுன சமயம் எங்க வீட்டுக்கு ஒரு நாய் வந்துச்சு. நாய்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அது எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லணும்னா எம் மக கதையச் சொல்லணும்.

எனக்கு ஒரே மக. பவளக்கொடி. பவளம்னு கூப்புடுவோம். கோயமுத்தூர்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தா. திண்டுக்கல்லுல நாய்க் கண்காட்சி போட்டாய்ங்க. கருவாயனுக்குப் பரிசு வாங்கிப்புடணும்னு நான்தான் அவளையும் வரச் சொன்னேன். பரிசு கெடைக்கல. பல்லப் பாக்குறேன்னு ஜட்ஜு கைய நீட்டுனாரு, கருவாயன் கடிச்சுப்புட்டான். கடிக்கத்தான செய்வான்? வாயிக்குள்ள கைய விட்டா முத்தமா குடுப்பான்? நான் அங்க சண்ட போட்டுக்கிட்டு இருந்த நேரத்துல, பக்கத்துப் பந்தல்ல ஒருத்தன் புள்ளி நாய் ஒண்ணப் புடிச்சுக்கிட்டு எம் மககிட்டப் பேசிக்கிட்டு இருந்துருக்கான். நான் முதுகத்தான் பாத்தேன். ஒரு தோளு எறங்கி இன்னொரு தோளு தூக்கி, கோணலா ஒரு நிப்பு. அந்த நாய்க்காரன்தான்.

கொஞ்ச நாள் கழிச்சு வந்து, ‘அப்பா, நான் அவரக் கட்டிக்கிறேன், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கப்பா’ன்னா. பாப்போம்னேன். நான் எதுக்கும் பாப்போம்னுதான் சொல்லுவேன். எங்கய்யா ஒருத்தரு, பங்காளிக எது கேட்டாலும் ஒடனே தலைய ஆட்டி அந்த ரெண்டெழுத்து வார்த்தையச் சொல்லிச் சொல்லியே தென்னந்தோப்ப விட்டுட்டு நின்னாரு. சானா, ரீனா. நான் முழுசாச் சொல்ல மாட்டேன். என் வாயில அது வராது. தவமணியக் கேளுங்க, எம் பொஞ்சாதி. கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு தடவ அவ அதக் கேட்டுருந்தான்னா நான் மீசைய எடுத்துர்றேன்.

ரெண்டு வருசம் காத்துருந்தா எம் மக. பெறகு கோயமுத்தூர்லயே ரிஜிஸ்டர் ஆபீசுல முடிச்சுக்கிட்டாக. தவமணி போயிட்டு வந்தா. கல்யாண போட்டோவக் கொண்டாந்து நீட்டுனா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அந்த மூஞ்சிய நான் பாத்ததில்ல. பாக்கவும் தேவையில்ல. நாயப் பாத்தாலே வளத்தவன் யாருன்னு தெரிஞ்சுரும்.

என்ன, தண்ணி வேணுமா? அந்தச் சொம்புல இருக்கு. குடிங்க.

இப்ப பவளம் முழுகாம இருக்கா. ஆரம்பத்துல ஒடம்பு ஒத்துக்கல, படுத்தே கெடக்கணும்னுட்டாக டாக்டரம்மா. அந்த நேரம் பாத்து நாய்க்காரன் கம்பெனி வேலையா வெளிநாட்டுக்குப் போயிட்டான். கம்பெனி அனுப்புச்சாம். நல்ல கம்பெனி, நல்ல ஆளு. தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதான நடக்கணும், கூட்டியாந்துருவோம்ங்கன்னு தவமணி என் காலச் சுத்துனா. பாப்போம்னேன். மக போன்ல என்ன சொல்றா தெரியுமா? ‘அப்பா சொன்னா வாரேன். அவரு வாயால சொல்லாம வர மாட்டேன்’ங்கிறா. கொழுப்பப் பாத்தீகளா? எங்க வீட்டுக் கதவு பகல் முழுக்கத் தொறந்துதான கெடக்கு? வராதன்னு யாரு சொன்னது? ஆனா நான் சொல்லணுமாம்.

தவமணி மட்டும் போனா. ரெண்டு மூணு நாள் கழிச்சு, இன்னைக்குத் திரும்பி வாரேன்னு போன் போட்டா. அன்னைக்குச் சாயங்காலம் நான் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். சும்மாதான், வெத்தல போடலாம்னு. வேன் வந்து நின்னுச்சு. கதவு தொறந்துச்சு. தவமணி எறங்குனா, பின்னாலயே ஒரு நாய் எறங்குச்சு. அதுக்குப் பின்னால யாரும் எறங்கல. அங்க மாமியாக்காரி கூட இருக்காளாம், ஆனா முழங்கால் வலியாம், நாய இழுத்துட்டு நடக்க முடியலயாம். அதனால பொண்ணு வரல, நாய் வந்துருச்சு.

ஈரல் கலர்ல தலை, ஒடம்பெல்லாம் தெளிச்சு விட்ட மாதிரிப் புள்ளி. வால வெட்டி ஒரு குச்சி மட்டும் மிச்சம் வச்சுருக்காய்ங்க. ரூடியாம் பேரு. காது ரெண்டும் வெத்தல மாதிரித் தொங்குது. அத ஏன் சொல்றீக, மொதநாள் காலைல தோட்டத்துக்குக் கூட்டியாந்தேன். வேலி ஓரத்துல கவுதாரி இருந்துருக்கு. ஒரு நாய்னா என்ன செய்யணும்? பாஞ்சு போகணும், இல்ல கொரைக்கவாச்சும் செய்யணும். இது முன்னங்கால ஒண்ண மடக்கித் தூக்கிக்கிட்டு, மூக்க நீட்டிக்கிட்டு, அந்தக் குச்சி வால வெறப்பா வச்சுக்கிட்டு அப்பிடியே நிக்கிது. கால்ல முள்ளுன்னு நெனச்சேன். குத்த வச்சு உக்காந்து பாதத்த விரிச்சுப் பாத்தா முள்ளு இல்ல, வெரலுக்கு நடுவுல வாத்துக்கு இருக்க மாதிரித் தோலு! வாத்துக் காலு, கொக்கு நிப்பு. அன்னைக்கே பேர மாத்திட்டேன். கொக்கு.

பயந்தாங்கொள்ளி தம்பி, அது பயந்து போயி நிக்கிறது. எம் மக என்னடான்னா, ‘அது பயமில்லப்பா, அங்க ஒண்ணு இருக்குன்னு உங்களுக்குக் காட்டுது’ன்னு போன்ல பாடம் நடத்துறா. எல்லா வேலையும் செய்யுமாம். மோப்பம் பிடிக்குமாம், நின்னு காட்டுமாம், சொன்னா எடுத்துட்டு வருமாம், தண்ணில எறங்குமாம், வீட்டுக்குள்ள வந்தா புள்ள மாதிரிப் படுத்துக்குமாம். ஜெர்மன்காரன் உக்காந்து யோசிச்சு உண்டாக்குனதாம். எங்கிட்ட இருக்கது ஒரே வேலைதான் செய்யும், ஆனா செய்யும்ல?

எடுத்துட்டு வாரதப் பத்திச் சொல்றேன் கேளுங்க. வேலிக்கு அங்கிட்டுப் போன கோழிக்குஞ்சு ஒண்ண வாயில கவ்விக்கிட்டு வந்துச்சு. திருடிப்புட்டான்னு துண்ட முறுக்கி ஒண்ணு விட்டேன். அது குஞ்ச என் கால்கிட்ட எறக்கி வச்சுச்சு. குஞ்சு ஒரு ஒதறு ஒதறிக்கிட்டுத் தாய்க்கிட்ட ஓடிருச்சு. மேல எச்சி தவிர ஒண்ணுமில்ல. கடிக்கக்கூடத் துப்பில்லாத வாயி! அடி வாங்குன நாய் ஓடணும், இல்ல உறுமணும். இது என் பாதத்து மேல தலைய வச்சுப் படுத்துக்கிச்சு. அன்னைக்குச் சோறும் திங்கல. அடிச்சா அதுக்கு மனசு ஒடஞ்சுருமாம். நாய்க்கு மனசு! அதுக்கப்புறம் நான் அடிக்கிறதில்ல. பாவம்னு இல்ல. துண்டு அழுக்காகுது.

வாய்க்கால்ல ஒருநாள் நெத்துத் தேங்கா ஒண்ணு மெதந்து வந்துச்சு. தொபீர்னு குதிச்சு எடுத்துட்டு வந்து கையில குடுத்துச்சு. எனக்கு எதுக்குடா இதுன்னு தூக்கித் தண்ணிலயே எறிஞ்சேன். திரும்பக் குதிச்சு எடுத்துட்டு வந்துருச்சு. நான் எறிய, அது எடுக்க, நான் எறிய, அது எடுக்க, அன்னைக்குப் பொழுதே போச்சு. மருந்தடிக்க வந்த ஆளு பாத்துட்டுச் சிரிக்கிறான். எனக்குத் தோள்பட்ட வலி வந்ததுதான் மிச்சம்.

இருங்க தம்பி, முக்கியமான எடத்துக்கு வந்துட்டேன். நடுவுல பேசாதீக.

மேக்காட்டுல மக்காச்சோளம் போட்டுருக்கேன். பன்னி எறங்கி ஒடச்சுப் போட்டுருது. ஒருநாள் நல்லா வெளிச்சம் வந்தப்புறம் கருவாயனக் கூட்டிட்டுப் போனேன். கொக்கும் கூடவே வந்துச்சு, வேணாம்னா கேக்காது. சோளத்து ஓரத்துல போயி வழிய மறிச்சுக்கிட்டு ஒத்தக்கால்ல நின்னுருச்சு. போடான்னு முழங்காலால தள்ளுனேன், நகரல. வேலை நேரத்துல இது வேறயான்னு, அதத் தாண்டிப் போயி கருவாயன அவுத்து ‘சூ’ன்னேன். அவன் பாஞ்சான். உள்ள தாய்ப்பன்னி குட்டிகளோட படுத்துருக்கு. அது எந்திரிச்ச வேகத்துல கருவாயன் வயித்தக் கிழிச்சுப்புடுச்சு. கொக்குக்கு அறிவுன்னு ஒண்ணு இருந்தா உள்ள பன்னி இருக்குன்னு எனக்குச் சொல்லிருக்க வேணாமா? சும்மா நின்னா நான் என்னன்னு கண்டேன்?

கருவாயன் கத்திக்கிட்டே எங்கிட்டோ போயிட்டான். பயந்து ஓடலீங்க. வேற பக்கமாச் சுத்திப் போயி அடிக்கலாம்னு போயிருப்பான். காடெல்லாம் தேடுறேன், பேரச் சொல்லிக் கூப்புடுறேன், சத்தமே இல்ல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவன நான் கைக்குட்டியா இருக்கப்பருந்து வளத்தேன் தம்பி. தவமணி சத்தங் கேட்டு ஓடியாந்து, சோளத்து ஓரத்துல நின்ன கொக்க என்னமோ சொல்லிக் கெளப்பி விட்டா. அது தரைல மூக்க வச்சுக்கிட்டு வரப்பு வரப்பாப் போச்சு, வாய்க்கால நீந்திக் கடந்துச்சு, நானும் கழுத்தளவு தண்ணில பின்னாடியே போனேன். அங்கிட்டு ஒரு இண்டம்முள்ளுப் புதரு. அதுக்கு முன்னாடி போயி, மறுபடியும் காலத் தூக்கிக்கிட்டு நிக்கிது! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். கவுதாரி பாக்குற நேரமாடா இதுன்னு மண்ணாங்கட்டிய எடுத்து எறிஞ்சேன். மேல விழுந்துச்சு. அசையல. கண்ண மட்டும் திருப்பி என்னப் பாக்குது, நான் என்னமோ சொல்லணும்ங்கிற மாதிரி. நான் என்னத்தச் சொல்ல?

தவமணி பாலத்து வழியாச் சுத்தி ஓடியாந்தா. அதுகிட்டக் குனிஞ்சு ஒரு வார்த்த சொன்னா. ஒடனே கொக்கு முள்ளுக்குள்ள தவழ்ந்து போச்சு. உள்ளருந்து கருவாயன் மொனகுற சத்தம் கேட்டுச்சு. நான் முள்ள வெலக்கிப் பாக்குறேன், கொக்கு அவன ஒட்டிப் படுத்துக்கிட்டு மூஞ்சிய நக்கிக்கிட்டு இருக்கு. தூக்கிட்டு ஓடி மாட்டு டாக்டர்கிட்டத் தையல் போட்டோம். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா போயிருக்கும்னாரு. போயிருக்காது. கோம்பை ரத்தம், தாங்கும்.

திரும்பி வாரப்ப தவமணிகிட்டக் கேட்டேன், அது காதுல என்னடி மந்திரம் போட்டன்னு. அவ அப்பத்தான் சொல்றா. பவளம் பழக்குனதாம். நில்லுன்னா நிக்கும், எதையாச்சும் கண்டாலும் நிக்கும், நின்னா அந்தச் சானா ரீனாவ யாராச்சும் சொன்னாத்தான் நகருமாம். மழை பேஞ்சாலும் நிக்குமாம், வெயில் அடிச்சாலும் நிக்குமாம். ஊர்ல வேற வார்த்தையே இல்ல பாருங்க, அத எடுத்து வச்சுருக்கா! இத ஏன்டி வந்த அன்னைக்கே சொல்லலன்னேன். ‘சொன்னா மட்டும் சொல்லிருவீகளாக்கும்? அதே வார்த்தைக்குத்தான் அவளும் அங்க நிக்கிறா’ன்னா. அன்னையோட எங்கிட்டப் பேச்சக் கொறச்சுக்கிட்டா. அவ பேசாட்டி எனக்கு ஒண்ணுமில்ல. வீடு கொஞ்சம் சத்தமில்லாம இருக்கு, அம்புட்டுத்தான்.

நான் மசிவேனா? இன்னைக்கு வரைக்கும் அந்த நாய்கிட்டயும் அதச் சொன்னதில்ல. அது தோட்டத்துல எங்கயாச்சும் நின்னுச்சுன்னா நானும் பக்கத்துலயே நின்னுக்குவேன், தவமணி வந்து சொல்ற வரைக்கும். ஒருநாள் அவ சந்தைக்குப் போயிட்டா. மத்தியானம் வரைக்கும் நின்னோம், அதுவும் நானுமா. தலைல போட்டுருந்த துண்ட எடுத்து அது மேல போட்டேன், வெயில் படாம. எனக்கென்ன, செத்துக்கித்துப் போச்சுன்னா எம் மேல பழி வரும்ல?

இப்ப பவளத்துக்கு ஒடம்பு தேவலையாம். டாக்டரம்மா கார்ல மெதுவாப் போகலாம்னுட்டாகளாம். வளைகாப்புப் போட்டுக் கூட்டியார வேண்டிய மாசம். தெனமும் சாயங்காலம் போன்ல நாய்கிட்டப் பேசுறா. ‘ரூடிக் கண்ணு, அப்பா என்ன செய்றாரு’ங்கிறா. நாய்கிட்ட! நான் பக்கத்துலதான உக்காந்துருக்கேன், எங்கிட்டக் கேக்க வேண்டியதுதான?

அந்த நாய்க்காரன் ஆம்பளையா இருந்தா நேர்ல வரட்டும் தம்பி. வந்து என் முன்னாடி உக்காந்து, மாமா, தப்புத்தான், எம் பொஞ்சாதியக் கூட்டியாரட்டுமான்னு கேக்கட்டும். வருவானா? வரமாட்டான். நிக்கிற நாய வளத்தவனுக்கு நிமிந்து நிக்கத் தெரியாது. வந்தான்னு வச்சுக்கங்க, பேச விடமாட்டேன் அவன. உக்கார வச்சு, நாயப் பத்தி நான் நாலு கேள்வி கேட்டேன்னா...

என்ன தம்பி, கண்ணத் தொடைக்கிறீக? சிரிக்கிறீகளா, அழுகுறீகளா? மருந்தடிச்ச தோட்டம், காந்தத்தான் செய்யும். மூஞ்சியக் கழுவிக்கங்க.

அந்தா, தவமணி தூக்குச்சட்டியோட வாரா. காலைலயே கறி எடுத்தாரச் சொன்னா. செவ்வாக்கெழமை யாருக்குடி கறின்னா, அம்மியில மசாலா அரைக்கிறா. நாயையும் தோட்டத்துக்கு விடாம வீட்டுலயே வச்சுக்கிட்டா. பாருங்க, கயித்தப் புடுங்கிக்கிட்டு முன்னாடி ஓடியாருது. வந்த ஆளு மேல பாஞ்சுறப் போவுது. இருங்க, ஒரு வேடிக்க காட்டுறேன். நில்லு!

பாத்தீகளா? வரப்பு மேல ஆணி அடிச்ச மாதிரி நின்னுருச்சு. என் சத்தத்துக்கு அம்புட்டு மருவாதி.

என்ன இது? காலத் தூக்கல. அந்தக் குச்சி வால் இந்த ஆட்டு ஆட்டுது. ஒடம்பெல்லாம் நடுங்குது, மொனகுது. இது எப்பவும் நிக்கிற நிப்பு இல்லியே. மூக்கு எங்கிட்டுக் காட்டுது? வேலிப்பக்கம் இல்ல. ஒங்க பக்கம்ல காட்டுது.

தம்பி, நீங்க எதுக்கு எந்திரிச்சீக?

நாய் விசயமான்னுதான சொன்னீக. எந்த நாய் விசயமா?

திரும்புங்க. பேசாதீக, அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க ஒரு நிமிசம். ம். ஒரு தோளு எறங்கி ஒரு தோளு தூக்கி. இதே முதுகுதான். வெளிநாட்டுலருந்து எப்ப வந்து எறங்குனீக?

நான் பேசுன அம்புட்டையும் கேட்டுக்கிட்டா உக்காந்துருந்தீக? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் எங்க விட்டேன், அதுவும் நெசந்தான். கும்புடாதீக, கைய எறக்குங்க. நாய்க்காரன்னு சொன்னது சொன்னதுதான், அதத் திருப்பி எடுத்துக்க மாட்டேன். ஏய் தவமணி, கறி இவருக்குத்தானா? நீ ஏன்டி அங்கயே நின்னுட்ட? எல்லாருமா எதுக்கு என் வாயவே பாக்குறீக? அது பாக்குது, அவ பாக்குறா, நீங்களும் பாக்குறீக. வெயில் ஏறுது. வாயில்லாச் சீவன் எம்புட்டு நேரந்தான் நிக்கும்?

சரி.

ஏய், மெதுவாடா, மெதுவா! ஆளக் கீழ தள்ளிப்புட்டியே! பேண்டெல்லாம் சேறு. நக்குனது போதும், விடுடா அவர. தவமணி, நீ எதுக்குடி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுகுற? நாய்க்குச் சொன்னேன். கேட்டுக்க, நாய்க்குத்தான் சொன்னேன்.

எந்திரிங்க மாப்ள. கையப் புடிங்க. கார் ரோட்டுலயா நிக்கிது? நாயக் கூட்டிட்டுப் போகத்தான வந்தீக? அது வேணாம், இது இங்கயே நிக்கட்டும். பின்சீட்டு முழுசா வேணும் மாப்ள, எம் மக படுத்துக்கிட்டுல வரணும்.